வேலம்பாளையத்தில் ஜெனரேட்டர் போடாத நாள்

மின்சாரம் போனால் இன்றைக்கும் என் காது முதலில் தேடுவது ஜெனரேட்டர் சத்தத்தைத்தான். மண்ணரையில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். ஃபேன் நின்றதும் கை சோற்றிலேயே நின்றுவிடும். சத்தம் கேட்கவில்லை என்றால், எங்கோ ஒரு செல்போன் டவர் விழப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகுதான் நினைவு வரும், நான் ஓய்வு பெற்றவன் என்பதும், எங்கள் பகுதியில் பல டவர்களில் இப்போது ஜெனரேட்டரே கிடையாது என்பதும்.

இந்த ஆயுத பூஜைக்குப் பழைய அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். பொரி, சுண்டல் எல்லாம் ஆன பிறகு, இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அண்ணா, நம்ம ஏரியாவுல முதல் ஜெனரேட்டரை எடுக்கறப்ப நீங்கதான் கூட இருந்தீங்களாமா. எழுதிக் குடுங்ண்ணா, மலர்ல போடறோம்" என்றார்கள். நான் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியனும் படித்தவன். கட்டுரை எல்லாம் எழுதிப் பழக்கமில்லை. திருமுருகன்பூண்டி ஈசனை மனதில் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் சில வருடம் பனியன் கம்பெனிகளில் மோட்டார் ரிப்பேர் பார்த்தேன். பிறகு டவர் பராமரிப்புக்கு வந்தேன். மூத்தவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்தான். டவர் விழக்கூடாது. விழுவது என்றால் கம்பம் சாய்வதல்ல, சிக்னல் நின்றுபோவது. மின்சாரம் போனால் பேட்டரி, பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர், ஜெனரேட்டரில் டீசல் இல்லாமல் போனால் நம் வேலை இல்லாமல் போகும். மழையில், வெயிலில், தேர்த் திருவிழாக் கூட்டத்தில், மொபெட்டில் டீசல் கேனைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். என் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பாள் என் மனைவி. அப்படியும் சாமி அறையில் நான் நின்றால் கற்பூர வாசனைக்கு மேல் டீசல் வாசனைதான் வரும்.

டவரின் கீழே கருவிகளுக்கு ஒரு சின்ன அறை இருக்கும். சித்திரை வெயிலில் அதற்குள் போனால் பல் கிட்டும். இரண்டு ஏ.சி. ராத்திரி பகலாக ஓடும். எவ்வளவு எரிகிறது, அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்க வந்தவர் எட்வின் சார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். டவர்களில் மின்சாரத்தையும் டீசலையும் குறைப்பதற்கென்றே எங்கள் பகுதிக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் அவர் செய்ததைப் பார்த்து நான் கொஞ்சம் பயந்துபோனேன். வந்தார். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பேட்டரி அலமாரியைத் தொடுவதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் செய்வார். பிறகு ஒரு கருவியையும் திறக்காமல், உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். சுவர், கதவு இடுக்கு, ரேடியோ பெட்டி, ஏ.சி.யின் பின்பக்கம். காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டி இந்த ஊர் வெயிலத் தாங்கும்னுதான் செஞ்சவனே எழுதியிருக்கான். நாம எதுக்கு அதுக்கு ஊட்டிக் குளிரு காட்டுதோம்?" என்றார்.

நான், "எப்பவும் இப்படித்தானுங்க சார் வெச்சிருக்கோம்" என்றேன்.

"அது சரி. எல்லாரும் நெட்டு காத்துல வருதுன்னு நினைக்காங்க. போன்ல வர்ற ஒவ்வொரு படத்துக்கும் எங்கயோ புகை இருக்கு. இங்க வர்ற படத்தோட புகை அந்தா இருக்கு" என்று ஜெனரேட்டரின் புகைக்குழாயைக் காட்டினார்.

அவர் வந்த பிறகு ஏ.சி.யின் குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஒவ்வொரு படிக்கும் சில நாள் பார்ப்பார், பெட்டி சூடாகிறதா என்று கை வைப்பார், அப்புறம்தான் அடுத்த படி. சில இடங்களில் ஏ.சி.யையே எடுத்துவிட்டு, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே இழுக்கும் ஃபேன் வைத்தோம். அந்த வருட ஆயுத பூஜைக்கு நான் பயபக்தியோடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து அப்பிவிட்டேன். மறுநாள் எட்வின் சார் என்னைக் கூப்பிட்டு, ஃபேனின் வடிகட்டியைக் காட்டினார். சந்தனம் காய்ந்து பாதிக் கண் அடைத்திருந்தது.

"அண்ணாச்சி, உங்க சாமிக்குப் பொட்டு வைங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மூக்குலதான் வைக்கணுமா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மதிய உணவுக்கு முன் அவர் கண்ணை மூடி ஜெபம் செய்வார். அதுவரை நானும் என் டப்பாவைத் திறக்க மாட்டேன். அவர் அதைக் கவனித்திருந்தார் போல. அந்த வருடத்திலிருந்து ஆயுத பூஜைக்கு எங்கே பொட்டு வைக்கலாம் என்று அவரே கையைக் காட்டுவார்.

அடுத்தது ரேடியோக்களைத் தூங்க வைப்பது. போன் சிக்னலை அனுப்பி வாங்கும் பெட்டியைத்தான் ரேடியோ என்போம்; ஒரு டவரில் ஒன்றல்ல, பல இருக்கும். போன் பார்க்கும் கூட்டம் அதிகமானால் எல்லாம் வேண்டும். குறைந்தால் ஒன்று போதும். முன்பு கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாம் விழித்தே இருக்கும். கல்யாணம் முடிந்து சனம் கலைந்த பிறகும் மண்டபத்தில் அத்தனை விளக்கும் எரிகிற மாதிரி. இப்போது கூட்டம் குறைந்தால் ஒவ்வொன்றாகத் தானே தூங்கிவிடும், கூடினால் தானே விழித்துக்கொள்ளும். விழக்கூடாது, நிற்கக்கூடாது என்றே பழகிய நான், முதலில் ஒரு ரேடியோ தானாக நின்றபோதெல்லாம் ஒயர் கழன்றுவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். எங்கள் பகுதிக்கு அது பொருந்திப் போனது. பகலில் தொழிலாளர்கள் கம்பெனிக்குள் இருப்பார்கள், பல கம்பெனிகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டவர் பாதி தூங்கலாம். மின்சாரம் போனாலும் பேட்டரி நின்று தாங்கும். அப்படியானால் ஜெனரேட்டர் எதற்கு?

அதைச் சோதிக்க எட்வின் சார் தேர்ந்தெடுத்த இடம் வேலம்பாளையம். காரணம் ருக்மணியக்கா.

அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில்தான் எங்கள் டவர். ஜெனரேட்டரின் புகை அவர்கள் பின்கட்டுக்கு நேராகப் போகும். அவர் வீட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன் சாயப்பட்டறையில் நெடுநாள் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போனவர். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் அக்கா ஜன்னலில் ஈரத் துண்டைக் கட்டிவைப்பார். நான் டீசல் கேனோடு போனால், "வாங்க தம்பி, எமனுக்கு எண்ணெய் ஊத்த வந்துட்டீங்களா?" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு மோரும் கொடுப்பார். அந்த மோரை நான் பாதியிலேயே வைத்துவிடுவேன்.

எட்வின் சார் அந்த வீட்டுக்குள் போய் பொன்னுசாமி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அய்யா, அந்த மிஷினை நிறுத்தப் பாக்கேன். ஒருதடவ டவர் விழுந்தா திரும்பவும் போடச் சொல்லிருவாங்க. மத்த எடத்துலயும் எடுக்க விட மாட்டாங்க" என்று உள்ளதைச் சொன்னார். மேலிடத்தின் அடுத்த ஆய்வு வரை ஜெனரேட்டரைப் பூட்டிவைக்க அனுமதி வந்தது. சாவி என் இடுப்புக் கயிற்றில் இருந்தது. அக்கா ஜன்னல் துண்டை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டார். சில மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அண்ணன் பின்கட்டில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். வந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஒரு தரிசனம் மாதிரி இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது.

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சார வாரியம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரத்தை நிறுத்துவது எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தகுந்த பேட்டரிதான் வைத்திருந்தோம். கணக்கு தப்பியது வேறிடத்தில். எங்கள் ஊரில் சின்ன பனியன் கம்பெனிக்காரர்கள், மின்சாரம் இல்லாத நாளை லீவாக்கிவிட்டு, அந்த வார ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். என் மகளே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அன்று காலை வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அதையும் டவரையும் சேர்த்து நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. முந்தைய மாத நிறுத்தங்களில் பெரிய ஆர்டர் இருந்ததால் கம்பெனிகள் வாடகை ஜெனரேட்டர் வைத்து ஓட்டியிருந்தன. அதனால் எங்களுக்கு அது கண்ணில் படவில்லை.

டவருக்கு எதிரே இரண்டு வரிசை லைன் வீடுகள். அங்கே ஒடிசா, பீகார் பையன்கள், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் என்று நெருக்கமாக இருப்பார்கள். அன்று அத்தனை பேரும் அறையில். ஃபேன் இல்லை, டி.வி. இல்லை. இருப்பது கையில் போன் ஒன்றுதான். கூட்டம் கூடியதும் ரேடியோக்கள் அத்தனையும் விழித்துக்கொண்டன. மின்சாரம் இல்லாத நாளில்தான் டவருக்கு அதிக வேலை. நான் போய்ப் பார்க்கும்போது பேட்டரி உச்சிவேளைக்குள் பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

எட்வின் சாருக்குப் போன் செய்தேன், உடனே வந்தார். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றினார். பேட்டரி மேல் கை வைத்தார். கோயம்புத்தூரில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, ஒரு ரேடியோவை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தூங்க வைக்கச் சொன்னார். பேட்டரி இறங்குவது நிதானத்துக்கு வந்தது. "பேசுறதுக்குப் பஞ்சமில்ல அண்ணாச்சி. படம்தான் ஓடாது. கரண்டு வர்ற வரைக்கும் தாங்கிரும்" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் லைன் வீட்டிலிருந்து ஒரு பையன் வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். பிரதாப் என்று பெயர், ஓவர்லாக் டைலர், ஒடிசாக்காரன். முகமெல்லாம் வேர்வையா கண்ணீரா தெரியவில்லை.

"அண்ணா, நெட்டு. நெட்டு குடுங்க அண்ணா. வீடியோ நிக்குது."

"என்னப்பா ஆச்சு?"

"எங்க அப்பா செத்துப்போச்சு அண்ணா. காலைல. அங்க கட்டையில வெச்சாச்சு. நான் பெரிய பையன். தம்பி தீ வெக்க மாட்டேன்னு நிக்குறான். அண்ணன் பாத்து சரின்னு சொன்னாத்தான் வெப்பேன்னு சொல்றான். பூசாரி திட்டுறாரு. வீடியோ வரல அண்ணா."

போனைக் காட்டினான். உறைந்துபோன ஒரு படம். பாதி வானம், யாரோ ஒருவருடைய தோள். நடுவில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ரயிலில் போனால் அவன் ஊருக்கு இரண்டு நாள். உடலை அதுவரை வைக்க முடியாது.

எட்வின் சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மற்ற ரேடியோக்களை எழுப்பினால் மறுபடி மொத்தக் கூட்டமும் ஏறிக்கொள்ளும், பேட்டரி சாயங்காலம் வரை வராது. டவர் விழும். ஆம்புலன்ஸுக்குக்கூட யாரும் பேச முடியாது. அல்லது ஜெனரேட்டர் போட வேண்டும். என் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிருந்தது. பின்கட்டில் பொன்னுசாமி அண்ணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் காற்றுக்குப் படுத்திருந்தார்.

அழுகைச் சத்தம் கேட்டு ருக்மணியக்கா வந்துவிட்டார். "ஏங் கண்ணு அழுவறே?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மிசினைப் போடுங்க தம்பி. இவரை நான் எங்கண்ணன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றேன்" என்றார்.

கட்டிலிலிருந்து அண்ணன் கையைத் தூக்கினார். "போடு... சாமி. அப்பனுக்கு... கொள்ளி வெக்கோணுமல்ல" என்று சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார்.

நான் எட்வின் சாரைப் பார்த்தேன். அவர் ரோட்டையும் லைன் வீடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, இந்தப் பையனுக்குப் பெரிய ரோடு வேண்டாம். இருக்கிற ரோட்டுல கூட்டம் விலகினாலே போதும். அத்தன பேரும் ஒரு அரைமணி நேரம் படம் பாக்காம இருந்தா இவனுக்குப் படம் வந்துரும். ஆனா இத்தன பேருகிட்ட யாரு போய் எப்படிச் சொல்ல?"

அக்கா அவரை விசித்திரமாகப் பார்த்தார். "இதிலென்னங்க சார் சொல்றதுக்கு இருக்குது? வீதியில எழவு உளுந்தா டி.வி. போடுவமா, ரேடியோ போடுவமா? இது மட்டும் என்னங்க?" என்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். பிரதாப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் பின்னால் போனோம்.

முதல் அறையில் கதவைத் தட்டினார். நாலைந்து பையன்கள். "கண்ணு, இந்தப் பையனோட அப்பன் செத்துட்டாரு. கொள்ளி வெக்கறதைப் போன்ல பாக்கோணும். நீங்க கொஞ்ச நேரம் படத்தை நிறுத்துங்க." ஒருவனுக்கும் புரியவில்லை. பிரதாப் இந்தியில் ஏதோ சொன்னான், குரல் உடைந்துபோனது. மேற்கொண்டு கேட்காமல் எல்லோரும் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். அவர்களில் ஒருவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் அடுத்தடுத்த கதவைத் தட்ட ஆரம்பித்தான்.

மதுரைக்காரர் ஒருவர் வாசல்படியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். "யக்கா, கடைசி ஓவர்க்கா. அதுவே நின்னு நின்னுதான் வருது. இது ஒண்ணுதான் பாத்துட்டு..."

"உங்கப்பனைக் கட்டையில வெச்சுட்டு ஓவர் பாப்பியா நீயி?"

அவர் முகம் செத்துவிட்டது. எழுந்து நின்று போனை அணைத்தார். பிறகு அவரே, "மெஸ்ல ஒரு கூட்டம் உக்காந்திருக்குக்கா, நான் போய்ச் சொல்றேன்" என்று மெஸ் பக்கம் ஓடினார். "பேசறவங்க பேசட்டும், படம் மட்டும் வேண்டாம்" என்று எட்வின் சார் ஒவ்வொரு கதவிலும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் வீதியில் ஒரு அமைதி வந்தது. வழக்கமாக அந்த வீதியில் எங்கே நின்றாலும் ஏதோ ஒரு போனில் பாட்டோ சிரிப்போ கேட்டுக்கொண்டிருக்கும். அன்று காக்கை கத்துவது கேட்டது. பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். தலைப்பாகை கட்டியிருந்த ஒருவர் அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பையனின் அப்பாவை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

நான் டவர் பெட்டியைப் பார்த்துவர ஓடினேன். அதன் முகப்பில், எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் எண் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிதாக இல்லை, கொஞ்சம்தான். ஆனால் சனம் தானாக விட்டுக்கொடுத்து அது இறங்கியதை நான் என் வேலையில் முதல்முறையாகப் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ருக்மணியக்கா வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பிரதாப் நின்றிருந்தான். போனில் சக்கரம் நின்று, படம் தெளிந்தது. ஒரு ஆற்றங்கரை, விறகு, வெள்ளைத் துணி. தம்பிக்காரன் கையில் நெருப்போடு போனைப் பார்த்து ஏதோ கேட்டான். பிரதாப் கைகூப்பிக்கொண்டு தலையசைத்தான். நெருப்பு வைத்தார்கள். பிரதாப் அங்கேயே மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். கட்டிலிலிருந்த பொன்னுசாமி அண்ணன் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்து கைகூப்பினார். எட்வின் சார் தலை குனிந்து உதடு அசையாமல் ஜெபம் செய்தார்.

அன்றைக்கு வேலம்பாளையத்தில் அந்தப் பின்கட்டில் நாங்கள் பார்த்த புகை, அந்தச் சின்னப் போனில் தெரிந்தது மட்டும்தான்.

எல்லாம் முடிந்ததும் அக்கா தொட்டித் தண்ணீரை மொண்டு அவன் தலையில் ஊற்றினார். "ஊத்திக்கோ கண்ணு. தீட்டுக் கழியோணும்" என்று குடம் குடமாக ஊற்றினார். அவன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னலில் கட்டிக்கொண்டிருந்த அந்தத் துண்டைத்தான் எடுத்துத் துவட்டக் கொடுத்தார்.

சாயங்காலம் மின்சாரம் வந்தது. டவர் விழவில்லை. மறுவாரமே எட்வின் சார் மின்நிறுத்த நாட்களைக் கேட்டு வாங்கி, அந்த நாட்களில் ரேடியோக்கள் எப்படித் தூங்க வேண்டும் என்பதைத் தனியாக மாற்றி எழுதச் செய்தார். வேலம்பாளையத்துக்குப் பேட்டரியும் கூடுதலாக வந்தது. ஆய்வு முடிந்து ஜெனரேட்டரைத் தூக்க கிரேன் வந்தபோது, பிரதாப் வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தான். அக்கா என்னிடம், "எமனை ஏத்தி அனுப்பறீங்களா தம்பி" என்றார். அன்று அவர் கொடுத்த மோரை முழுசாகக் குடித்தேன். பொன்னுசாமி அண்ணன் அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. இருந்தவரை பின்கட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே படுத்தார். அவருடைய எழவுக்கு நான் போனபோது லைன் வீடுகளில் ஒரு போன் சத்தமும் இல்லை. இந்த முறை யாரும் போய்ச் சொல்லவில்லை.

எழுதச் சொன்ன பிள்ளைகளே, உங்களிடம் இப்போது இருக்கும் கருவிகள் என்னைவிட நன்றாக உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன்.

நேற்று மண்ணரையில் மின்சாரம் போனது. என் காது வழக்கம்போல ஜெனரேட்டரைத் தேடியது. பிறகு என் போனில் நெட்டை நிறுத்தினேன். என் மனைவி போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"பாதியில இருக்குதுங்க" என்றாள். "நம்ம ஒரு போனை நிறுத்தி என்னங்க ஆகப்போவுது?"

"யாருக்கு என்ன அவசரமோ" என்றேன்.

அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தாள். மின்சாரம் வரும்வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.